நான்கு விரல் உயரத்தில் ஓடும் கார்

ஹீட்டரையும் ஏசியையும் கழற்றிய மறுநாள் காலை, யசோதினியின் கார் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் நின்றது. அன்று 2021 ஜனவரி பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. பதுளை பசறை வீதியில் கராஜ் வைத்திருக்கும் ஸப்ரான் நிலத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது விளக்குமாறு நான்கு சக்கரங்களுக்கும் அடியில் தடையில்லாமல் போய் வந்தது. அவர் குனிந்து பார்த்தார், கையை விட்டுப் பார்த்தார், பிறகு மிச்சத்தையும் கூட்டி முடித்துவிட்டு யசோதினிக்கு போன் எடுத்து, வேலை முடிந்துவிட்டது, வந்து எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்.

யசோதினி மடுல்சீமைப் பக்கம் மேமலைத் தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி. தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்று பிரிவு லயங்களிலும் அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். கார் 1961ஆம் வருஷம் இங்கிலாந்தில் செய்தது. அந்த ஊர்க் குளிருக்காக அங்கேயே அதற்கு ஹீட்டர் வைத்துவிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து, அப்போதைய சொந்தக்காரரான பதுளை வியாபாரி ஜுனைதீன், மனைவி முஹ்ஸினா மொனராகலை வெயிலில் தாய்வீட்டுக்குப் போய்வருவதற்காக ஏசியும் பூட்டினார். யசோதினியின் கைக்கு வந்தபோது இரண்டுமே வேலை செய்யவில்லை, ஆனால் இரண்டும் காரிலேயே இருந்தன. ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த ஏசியின் வலை காற்றை மறித்தது. ஹீட்டருக்குப் போகும் குழாய் தண்ணீரைக் கசியவிட்டது. ஏற்றத்தில் இன்ஜின் கொதித்துவிடும்.

2020 செப்டம்பரில் ஒருநாள் பிற்பகல், பிள்ளை பெற்று இரத்தம் நிற்காத கம்சலா என்ற இருபத்து நான்கு வயதுப் பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஏழாவது வளைவில் இன்ஜின் கொதித்து நின்றது. ஆறுவதற்கு நாற்பது நிமிஷம் ஆயிற்று. கம்சலாவுக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை. யசோதினி அழவேயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியல்ல. அழுதபடியேதான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்த வளைவிலேயே அவர் முடிவு செய்துவிட்டார்.

ஸப்ரான் மறுத்துப் பார்த்தார். பழைய கார் சேர்க்கிறவர்கள் கொழும்பிலிருந்து வருவார்கள், எதுவும் கழற்றாமல் இருந்தால்தான் அவர்களுக்கு மதிப்பு என்றார்.

"இந்த ஹீட்டர் இப்ப எங்கயும் எடுக்க ஏலாத சாமான் மிஸ்ஸி. கழட்டினா காரோட பேரே போயிரும்."

"பேரு மலை ஏறுமாங்க?"

"அதுக்கில்ல. ஹீட்டர ரிப்பேர் பண்ணிக்கிட்டா பனி நேரத்துல கண்ணாடி மூடாது. பச்சப்புள்ளைகள ஏத்துற கார். குளிருமே."

இதற்கு மட்டும் யசோதினி கொஞ்சம் யோசித்தார். "கண்ணாடியத் தொடச்சுக்கிறேன். புள்ளைக்கு தாய் மேலுச் சூடு இருக்கு, கம்பளி இருக்கு. வழியில நின்னா எதுவும் இல்ல. கழட்டுங்க."

இரண்டு நாள் பிடித்தது. ஸப்ரான் ஏசியின் காஸை இறக்கினார், பெல்ட்டை அறுத்தார், கம்ப்ரஸரையும் முன்வலையையும் எடுத்தார். டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து ஹீட்டர் பெட்டியை வெளியே இழுத்தபோது, அறுபது வருஷத்துத் தூசி அவர் முகத்தில் கொட்டியது. குழாய்கள் போன ஓட்டைகளைத் தகரம் வைத்து அடைத்தார். கழற்றியதை எல்லாம் தராசில் போட்டார்கள். நாற்பது கிலோ இருந்தது. ஒரு டன் காரை நாற்பது கிலோ எப்படித் தரையில் பிடித்து வைத்திருந்தது என்பதற்கு ஸப்ரானிடம் கணக்கு இல்லை. சக்கரம் சுற்றினால் கார் போனது, பிரேக்கை மிதித்தால் நின்றது, இன்ஜின் கொதிக்கவில்லை. யசோதினி கேட்டதும் அவ்வளவுதான்.

தோட்டத்தில் பெரிய பேச்சு எதுவும் எழவில்லை. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டில் பேர் வாசித்து முடிந்ததும் எல்லோரும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கூடைகளோடு மலைக்குப் போனார்கள். ரோட்டுக் குழிகளில் இனி விழாது என்பதுதான் கங்காணி சொன்ன ஒரே கருத்து. யசோதினி ஏறினால் கார் மூன்று விரலுக்கு இறங்கும், பின்னால் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் ஒரு விரல் மிஞ்சும், மூன்றாவது ஆள் ஏறினால் சக்கரம் நிலத்தில் பட்டுவிடும் என்பதை முதல் மாதத்திலேயே எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். கண்ணாடியில் பனி படிந்தது. குளிரவும் செய்தது. யசோதினி ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டினார். பத்து மாதத்தில் முப்பத்தொரு பெண்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

நவம்பரில் ஐந்து நாள் மழை விடாமல் பெய்தது. ஆறாம் நாள் காலை கீழ்ப்பிரிவில் நிஷாந்தினிக்கு வலி கண்டது. யசோதினி வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பிள்ளை குறுக்கே கிடந்தது. நிஷாந்தினியையும் அவள் புருஷன் ரிஷியையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு ஒன்பதாவது மைலில் திரும்பியபோது, எதிரே ரோடு இல்லை. மலை சரிந்து நூறு அடி நீளத்துக்குச் சேறும் கல்லும் மூடியிருந்தன. ரிஷி இறங்கிக் கால் வைத்தான். தொடை வரை புதைந்தது.

"இனிப் போக ஏலாதுங்க மிஸ்ஸி. நான் தூக்கிட்டுப் போயிர்றேன்."

"சேத்துல புதைஞ்சா ரெண்டு பேரையும் யாரு தூக்குறது? நில்லுங்க."

யசோதினி இறங்கினார். மாற்றுச் சக்கரத்தை எடுத்து ஓரத்தில் வைத்தார். ஜாக்கியையும், ஓட்டுகிற சீட்டுக்குப் பக்கத்திலிருந்த முன்சீட்டையும் கழற்றி வைத்தார். கார் மெல்ல எழும்பி மூன்றரை விரலில் நின்றது. டிக்கியில் கிடந்த கயிற்றை முன் பம்பரில் கட்டினார்.

பின்சீட்டிலிருந்து நிஷாந்தினி அவர் கையைப் பிடித்தாள். "என்னயத் தனியா விடாதீங்க மிஸ்ஸி."

"தனியா இல்லம்மா. கயித்தோட மறுமுனையில நாந்தான் இருக்கேன். இந்தக் கம்பளியப் போத்திக்க. முக்காத, ஊதி ஊதி மூச்சு விடு."

அவரும் ரிஷியும் சேற்றில் இறங்கி இழுத்தார்கள். அவர்கள் இடுப்பு வரை புதைந்த இடத்திலும் கார் சேற்றில் படாமல் படகுபோல் பின்னால் வந்தது. ஒரு காலை எடுத்து மறுகாலை வைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. நடுவில் யசோதினியின் செருப்புகள் போயின, பிறகு உள்ளங்கைத் தோல் போனது. மேலிருந்து கல் உருண்ட சத்தம் கேட்டபோது ரிஷி நின்றான். யசோதினி நிற்கவில்லை, அதனால் அவனும் நடந்தான். நூறு அடிக்கு ஒரு மணி இருபது நிமிஷம் பிடித்தது. அக்கரையில் மூவரும் ஏறினார்கள். பசறை தாண்டும்போது நிஷாந்தினி அலறுவதை நிறுத்தியிருந்தாள். யசோதினி கண்ணாடியைத் துடைக்கவும் மறந்து, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினார். ஒவ்வொரு தடவையும் பதில் வந்தது. அன்று பகல் இரண்டு மணிக்குப் பதுளையில் அறுவைச் சிகிச்சை செய்து பெண்பிள்ளையை எடுத்தார்கள். தாய்க்கும் உயிர் இருந்தது. சேறு காய்ந்த காலோடு யசோதினி ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

மறு வருஷம் பொலிசார் இந்தக் காரைப் பற்றி எழுதிப் போட, வாகனப் பரிசோதகர் ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, பறப்பதற்குத் தடை ஒன்றும் சட்டத்தில் இல்லை, ஆனால் சக்கரம் நிலத்தில் பட்டால்தான் பிரேக்கைச் சோதிக்க முடியும், வருஷத்துக்கு ஒருதடவை அதைச் செய்தே ஆகவேண்டும் என்றார். அதனால் ஒவ்வொரு மார்ச் மாதமும் பாரத்துக்காகச் சிலர் யசோதினியோடு பதுளைக்குப் போகிறார்கள். நிஷாந்தினியின் வீட்டார் ஒருதடவையும் தவறியதில்லை. போன மார்ச்சில் ரிஷிக்கு லீவு கிடைக்கவில்லை, வேறு யாருக்கும் வர முடியவில்லை. யசோதினியும் நிஷாந்தினியும் ஏறியபிறகு கார் ஒரு விரல் உயரத்தில் நின்றது. பரிசோதகர் பேனாவோடு காத்திருந்தார். நிஷாந்தினி வெளியே நின்ற மகளைத் தூக்கி மடியில் வைத்தாள். நான்கு சக்கரமும் தரையில் பட்டன.