கலியபெருமாளின் வலது கை

கலியபெருமாள் பச்சை குத்திக்கொள்ளப் போவதாகச் சொன்னபோது ரத்தினம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த வருஷம் தேர்தல் முடிந்ததிலிருந்து செஞ்சியில் பாதி வாலிபர்கள் கையில் கட்சிக் கொடியைப் பச்சை குத்திக்கொண்டுதான் திரிந்தார்கள். அவள் புருஷன் வாலிபனும் இல்லை, கட்சிக்காரனும் இல்லை. கடைத்தெருவில் அமீர் ஜான் பாயின் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். நாலு நாளில் மறந்துவிடுவான் என்று நினைத்தாள்.

அவன் மறக்கவில்லை. முதலில் சிங்கம் என்றான். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் ஒரு சிங்கம் கொள்ளுமா என்று அடுப்படிக்கே வந்து கையை நீட்டிக் கேட்டான். அப்புறம் அனுமார். அனுமார் கையில் இருந்தால் கறி தின்னக் கூடாதோ என்று சந்தேகம் வந்ததும் அதை விட்டான். அதற்கப்புறம் கோட்டை. ராஜகிரி மலையை உச்சி மண்டபத்தோடு அப்படியே குத்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அடுப்புக் கரியை எடுத்துச் சுவரில் வரைந்து பார்த்தான். அது கவிழ்த்த பானை மாதிரி இருந்தது. பொங்கலுக்கு அவள் வெள்ளையடித்த சுவர் அது. துடைத்ததும் அவள்தான்.

ரத்தினம்மாளின் இடது கையிலும் ஒரு கோலம் இருக்கிறது. சின்ன வயசில் அவள் அத்தை கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி வந்து குத்திவிட்டுப் போனாள். என்ன கோலம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அழுதாள், ஆறியது, அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு ஆம்பளை மாசக்கணக்கில் யோசிப்பானா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

கடையிலும் இதே கதைதான் என்று தெரிந்தது. அமீர் ஜான் ஒருநாள் தெருவில் அவளைப் பார்த்து நின்றார். எங்களில் பச்சை குத்திக்கொள்கிற வழக்கமே கிடையாது, என்னைப் பிடித்துக்கொண்டு வேலா சூலமா என்று தினமும் கேட்கிறானே, டியூபை ஒட்டச் சொன்னால் அதன்மேல் சாக்பீஸால் படம் போடுகிறானே, நீயாவது எதையாவது ஒன்றைச் சொல்லித் தொலையம்மா என்று புலம்பினார். அன்று வீட்டுக்கு வந்ததும், எதையாவது குத்திக்கொள், இல்லாவிட்டால் பேச்சை விடு என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போனவன் மறுநாள் பொழுது விடிந்த பிறகு பஸ்ஸில் வந்து இறங்கினான். வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தான். துண்டைப் பிரித்தாள். மஞ்சள் பூச்சுக்கு அடியில் கை வீங்கியிருந்தது. அதில் சிங்கமும் இல்லை, கோட்டையும் இல்லை. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கொட்டை எழுத்தில் ‘ரத்தினம்மாள்’ என்று இருந்தது.

புருஷன் பேரைக் குத்திக்கொண்ட பொம்பளைகளை அவள் பார்த்திருக்கிறாள். பெண்டாட்டி பேரைக் குத்திக்கொண்ட ஆம்பளையைப் பார்த்ததில்லை.

“இன்னாய்யா இது?”

“பேரு.”

“அது தெரியுது. சிங்கம் இன்னா ஆச்சி?”

குத்துகிறவளுக்குச் சிங்கம் வராதாம் என்று சொல்லிவிட்டு அவன் சோறு கேட்டான். அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

அதற்கப்புறம் தொடங்கியது பத்தியம். குத்தினவள் நிறையச் சொல்லி அனுப்பியிருந்தாள். தண்ணீர் படக் கூடாது, சொறியக் கூடாது, காலையும் மாலையும் தேங்காயெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவ வேண்டும், கருவாடும் கத்திரிக்காயும் ஆகாது. ரத்தினம்மாள் மஞ்சள் அரைத்தாள், கருவாட்டுப் பானையைப் பக்கத்து வீட்டு ரோஷன் பீயிடம் கொடுத்துவிட்டுத் தினமும் பருப்பு ஆக்கினாள். அவனோ கடைக்குப் போனதும் பஞ்சர் பார்க்கிற தொட்டியில் அந்தக் கையையே முக்கினான். காற்று எங்கே போகிறதென்று தண்ணீரில் முக்காமல் எப்படிப் பார்ப்பது என்று அவளையே திருப்பிக் கேட்டான். இடது கையால் முக்கு என்றாள். பழக்கமில்லை என்றான்.

அதோடு நின்றிருந்தாலும் ஆறியிருக்கும். கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த விநாயகம் அந்தப் பேரை உரக்கப் படித்துக் காட்டினான். டீ குடிக்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ரேஷன் கார்டிலும் அவ பேர்தான் முதலில் இருக்குதா என்று எவனோ கேட்டான். மறுநாளிலிருந்து கலியபெருமாள் கல்யாணத்துக்குத் தைத்த முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, மணிக்கட்டுப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு போக ஆரம்பித்தான். வீட்டில் கேட்டால் வெயில் என்றான். சட்டைக்குள் வேர்வையும் கிரீஸும் சேர்ந்து புண்ணில் ஊறின. ஒருநாள் மத்தியானம் அமீர் ஜானே அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் விட்டார். உடம்பு கொதித்தது. சட்டைக் கை சீழோடு ஒட்டிக்கிடந்தது. டீக்கடைச் சிரிப்பை அவர்தான் அவளிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டு, தூளும் கொடுத்து, தினமும் கழுவிக் கட்டச் சொன்னார். கட்டுகிற வேலை அவளுடையது. வெந்நீரில் துணியை நனைத்து அவள் ‘ர’வைத் துடைத்தாள், ‘த்’தைத் துடைத்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ அவளுக்குப் பொறுக்கவில்லை.

“என் பேரைக் குத்திக்கோன்னு நான் கேட்டனா? நீயா குத்திக்கின. குத்திக்கினு அதை மூடி மூடி வச்சா இன்னா அர்த்தம்? என் பேரு இன்னா அவ்ளோ அசிங்கமா?”

அவன் கூரையையே பார்த்துக்கொண்டு சொன்னான்.

“போன ஐப்பசியில நீ ஜுரத்துல கெடந்த இல்ல. டாக்டரு கையை விரிச்சிட்டாரு. நீ எழுந்து உக்காந்தா உன் பேரைக் குத்திக்கிறேன்னு அங்காளம்மாவுக்கு வேண்டிக்கினேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்திச்சி. அதுக்குத்தான் சிங்கம் அது இதுன்னு.”

துணி அவள் கையிலேயே நின்றது. அந்தக் காய்ச்சலில் பத்து நாள் அவளுக்கு நினைவே இல்லை. எழுந்து உட்கார்ந்த அன்று அவன் கஞ்சியைக் கொடுத்துவிட்டு, கடைக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டான். அதைச் சொல்லி எத்தனையோ தரம் அவனிடம் சண்டை போட்டிருக்கிறாள்.

“இதை அன்னிக்கே சொல்லித் தொலைக்கிறதுக்கு இன்னாய்யா?” என்றாள். குரல் உடைந்தது. அதை மறைக்கப் புண்ணைக் கொஞ்சம் அழுத்தியே துடைத்துவிட்டாள். அவன் அலறினான்.

அன்று சாயங்காலம் அவள் அந்த முழுக்கைச் சட்டையை எடுத்து, கத்தரிக்கோலால் இரண்டு கையையும் முழங்கைக்கு மேலே வெட்டினாள். கல்யாணச் சட்டை என்று அவன் முனகினான். அவள் வெட்டின ஓரத்தை மடித்துத் தைத்தாள்.

புண் ஆற ஆவணி முடிந்துவிட்டது. எழுத்து முழுதாக நிற்கவில்லை. நடுவில் இருந்த ‘தி’யைச் சீழ் தின்றுவிட்டது. அந்த இடத்தில் பளபளவென்று ஒரு தழும்பு மட்டும் இருந்தது. அரைக்கைச் சட்டையோடு அவன் கடைக்குப் போனான். விநாயகம் பழையபடி உரக்கப் படித்து, நடுவில் ஒரு எழுத்தைக் காணோமே, அதை யார் தூக்கிக்கொண்டு போனது என்று கேட்டான்.

“என் பொண்டாட்டி பேரு. ஒரு எழுத்து குறைஞ்சாலும் எனுக்குப் படிக்கத் தெரியும். நீ டீயை ஆத்து” என்றானாம் கலியபெருமாள்.

இதை வீட்டுக்கு வந்து அவனே சொன்னான். கை கழுவும்போது ஒரு தரம், சோற்றுக்கு உட்கார்ந்ததும் ஒரு தரம். விநாயகத்தின் மூஞ்சி எப்படிப் போயிற்று என்று காட்டுவதற்காகப் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நின்றான். கருவாட்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் ஆரம்பித்தபோது ரத்தினம்மாள் அகப்பையைச் சட்டியில் போட்டாள்.

“தெரிஞ்சிச்சிய்யா. உக்காந்து தின்னு” என்றாள்.