குதிரைக்குச் சாட்சி

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஒரு கதவைச் சாத்தத் தெரியாது என்பது எல்கானா டட்டிலின் தீர்மானமான எண்ணம். திறக்க மட்டும் நன்றாகத் தெரிகிறது. அதனால்தான் அடிமைமுறை இல்லாத வெர்மான்ட் மாநிலத்தின் மலையடிவாரத்து அந்தச் சிற்றூரில், அவிழ்ந்து திரிகிற மாடு, பன்றி, குதிரைகளை அடைத்துவைக்க ஒரு பட்டியும் அதற்கு ஒரு காவலும் வேண்டியிருந்தது. காவல் அவர்தான். பாதிரியாரின் பசுவையே அடைத்தவர். சொந்தத் தம்பியின் கன்றை அடைத்ததில் அறுவடை விருந்துக்கு அழைப்பு நின்றுபோனது. அதில் வருத்தமில்லை, தம்பி வீட்டில் வாத்துக்கறி என்றைக்கு வெந்திருக்கிறது?

அன்று காலை இரண்டு அந்நியக் குதிரைகள் பாதிரியாரின் முட்டைக்கோஸை மேய்ந்துகொண்டிருந்தன. ஓட்டிவந்து, உரிமை கேட்க ஆளில்லாமல் பட்டியில் கிடந்த முரட்டு ஆண் பன்றியோடு அடைத்தார். பிறகு, வழக்கம்போல ஆப்பிள் பை என்கிற, பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட பலகாரத்தைத் தின்ன கெசாயாவின் ரொட்டிக்கடைக்குப் போனார். கடை திறந்து கிடந்தது. அடுப்பில் பை கருகிக்கொண்டிருந்தது. கெசாயாவைக் காணோம்.

வக்கீல் லெமுவேல் பிராட் தொப்பியில்லாமல் ஓடிவந்தார். அடிமைத்தனத்தை ஒழிக்காமல் சாகமாட்டேன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவர்.

"பெரியவரே, தெற்கேயிருந்து வர்ஜினியாக்காரனுங்க ரெண்டு பேர் வந்து கெசாயாவைப் பிடிச்சு விடுதியில வெச்சிருக்கானுங்க. ஓடிவந்த அடிமையாம். கொண்டுபோய் வித்துருவானுங்க. வாஷிங்டன்ல போட்ட சட்டம் அவனுங்க பக்கம்."

"சட்டம்னாலே அப்படித்தான். நீயும் அதுலதானே சாப்பிடுற."

"நம்ம மாநிலத்துச் சட்டம் வேற. அவளைத் தன் முன்னால நிறுத்தச் சொல்லி நீதிபதி உத்தரவு போடுவார். மத்தியானத்துக்குள்ள வாங்கிட்டு வந்துருவேன். அதுவரைக்கும் அவனுங்க கிளம்பக் கூடாது. ஊர்ல யாரும் குதிரை தரமாட்டாங்க, எல்லாக் குதிரையும் காலையிலிருந்து நொண்டுதாம். அவனுங்க குதிரைதான்..."

"ரெண்டு குதிரை என்கிட்ட இருக்கு. யாருதுன்னு எனக்கென்ன தெரியும்?"

"அதையே சொல்லுங்க, போதும்."

"வேற என்னத்தைச் சொல்லப்போறேன்?" என்று எரிந்து விழுந்தார் டட்டில்.

வக்கீல் போன கொஞ்ச நேரத்தில் வர்ஜினியாக்காரர்கள் பட்டிக்கு வந்தார்கள். பட்டு மார்ச்சட்டை போட்டவன் கல்பெப்பர். கெசாயாவின் கையை முறுக்கிப் பிடித்திருந்தவன் டாகெட். முழங்கை வரை மாவோடு நின்ற கெசாயா, "அடுப்புல பை இருக்கு பெரியவரே" என்றாள்.

"கருகிப்போச்சு. தூக்கி வெளியில போட்டேன்."

"யோவ் கிழவா," என்றான் கல்பெப்பர், "குதிரையை விடு."

"உன்னுதா?"

"என்னுதுதான்."

"யார் சாட்சி?"

"நான்தான் சொல்றேனே."

"நீ சொல்லுவ. இந்தப் பன்னியையும் ஒருத்தன் தன்னுதுன்னு சொல்லிட்டு வருவான். உள்ளூர்க்காரங்க ரெண்டு பேர் சத்தியம் பண்ணணும். பாதிரியாருக்கே அதுதான்."

கல்பெப்பர் ஒரு காகிதத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான். "இந்தப் பொம்பளை என்னோடவன்னு நான் சொன்னதே போதும்னு அரசாங்கமே ஒத்துக்கிச்சு."

எழுத்து தெரியாத டட்டில் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "பொம்பளைக்குப் போதுமா இருக்கும். குதிரைக்குப் பத்தாது."

கெசாயாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "குதிரைக்குப் பேர் இருக்கும்ல, கூப்பிடச் சொல்லுங்க."

கல்பெப்பர் நெஞ்சை நிமிர்த்தி, "ஜெனரல்" என்று அழைத்தான். குதிரைகள் தலை தூக்கவில்லை. பன்றி மட்டும் எழுந்து, நிதானமாக நடந்து வேலியருகே வந்து அவனை ஏறிட்டுப் பார்த்தது.

"அதுவும் உன்னுதா?" என்றார் டட்டில்.

கல்பெப்பர் கிழவரைத் தள்ளிவிட்டு, கதவின் குறுக்குக் கட்டையை உருவி எறிந்து உள்ளே போனான். ஜெனரலாகிவிட்ட பன்றி வரவேற்றது. அடுத்த கணம் அவன் தண்ணீர்த் தொட்டிக்குள் நின்று, கால்சட்டையில் பாதி இல்லாமல் அலறினான். டாகெட் கெசாயாவை விட்டுவிட்டு, கம்போடு உள்ளே பாய்ந்தான்.

கெசாயா ஓடவில்லை. கதவை இழுத்துச் சாத்தி, கட்டையைத் தேடியெடுத்துக் குறுக்கே போட்டாள். ஒழுங்காகத்தான் போட்டிருந்தாள். ஆனாலும் டட்டில் ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

ஊர்க்காவலர் சாவகாசமாக வந்தார். பட்டியை உடைத்து நுழைவது குற்றம் என்று இப்போது தொட்டிக்குள் ஒன்றாக நின்ற இருவருக்கும் விளக்கிவிட்டு, சிறைக்குக் கூட்டிப்போனார். மத்தியானம் உத்தரவோடு வந்த வக்கீல், கெசாயாவைத் தன் வண்டியிலேயே நீதிபதியிடம் அழைத்துப்போனார். சாயங்காலம் திரும்பினார்கள். கெசாயா நேரே அடுப்பை மூட்டப் போனாள்.

"பிடிச்சவனுங்க சிறையில, உரிமை கேட்க ஆளில்ல. இவ போகலாம்னுட்டார் நீதிபதி," என்று வக்கீல் முகம் மலர்ந்தார். "பார்த்தீங்களா, சட்டம் ஜெயிச்சது."

"பன்னி ஜெயிச்சது."

"பட்டியை உடைக்கக் கூடாதுங்கறதும் சட்டம்தானே பெரியவரே?"

"நாளைக்கு வேறொருத்தன் வேற காகிதத்தோட வருவான். அப்ப உன் காகிதம் போய் அவனைக் கடிக்குமா?"

கெசாயா டட்டிலுக்குச் சூடாக ஒரு ஆப்பிள் பையைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். "காலையில கருகினதுக்கு."

"ஓரம் இன்னும் வேகணும்," என்றபடி வாங்கிக்கொண்டார்.

"சட்டத்தைக் கொஞ்சம் நம்பிப் பாருங்களேன்" என்று பின்னாலிருந்து வக்கீல் குரல் கொடுத்தார். டட்டில் திரும்பவில்லை. பாதியைத் தின்று, மீதியை ஜெனரலுக்கு எடுத்துவைத்தபடி, தலையை ஆட்டிக்கொண்டே பட்டியை நோக்கி நடந்தார். அந்தப் பன்றியை மட்டும், எத்தனை பேர் சத்தியம் பண்ணினாலும், இனி யாருக்கும் விடுவதாக இல்லை.