உரலுக்குள் ஒரு கை

நும் பன்சோக் என்கிற அரிசிச் சேவையை அன்றைக்குப் பிழிந்து அன்றைக்கே தின்றுவிட வேண்டும். மத்தியானம் தாண்டினால் புளித்துவிடும். அதனால்தான் ஆற்றங்கரைச் சந்தையில் கொலாப்பும் அவள் தங்கை சிநாத்தும் கடைக்குப் பின்னாலேயே உரலைப் போட்டிருந்தார்கள். முன்பக்கம் தின்கிறவர்கள், பின்பக்கம் இடிக்கிறவர்கள், நடுவில் அடுப்பு.

அன்று காலை முதலில் வந்து உட்கார்ந்தவன், கடலோரக் கம்போட் ஊரிலிருந்து உப்பு மூட்டை ஏற்றி வந்த லாரி டிரைவர்.

"என்னக்கா இது பச்சைப்பசேல்னு? குளத்துத் தண்ணியை மொண்டு ஊத்திட்டியா?"

"மீன்குழம்புப்பா. எலுமிச்சைப்புல்லும் மஞ்சளும் போட்டு இடிச்சது. தின்னுட்டுப் பேசு," என்றாள் கொலாப்.

"எங்க ஊர்ல சேவைக்கு மேல தேங்காய்ப்பால், காஞ்ச இறால், வேர்க்கடலை போடுவாங்க. அது சாப்பாடு." ஒரு வாய் வைத்தான். இன்னொரு வாய். அப்புறம் பேச்சைக் காணோம்.

"என்ன, குளத்துத் தண்ணி இறங்குதா?" உள்ளேயிருந்து சிநாத் கேட்டாள்.

"இறங்குது, இறங்குது. ஆனா நூல் மாதிரி இருந்தும் அறுந்து போகலையே, எப்படி?"

இப்படி யாராவது கேட்டால் கொலாப்புக்கு உச்சி குளிர்ந்துவிடும். "மாவை உருண்டை பிடிச்சு வெந்நீர்ல போடுவோம். மேல்தோல் வேகணும், உள்ளே பச்சையா இருக்கணும். அப்புறம் ரெண்டையும் சேர்த்து இடிப்போம். வெந்த மாவு பசையா நின்னு பச்சை மாவை இழுத்துப் பிடிச்சுக்கும். முழுசா வெந்தா களி. வேகவே இல்லேன்னா பிழியும்போதே முறிஞ்சிடும்."

சொல்லிக்கொண்டே மிதிமரத்தில் ஏறினாள். ஆள் உயரத்தைவிட நீளமான மரம். நடுவில் அச்சு, ஒரு நுனியில் தொங்கும் கனத்த உலக்கை. மறு நுனியை மிதித்தால் உலக்கை எழும். காலை எடுத்தால் தன் கனத்தில் தானே விழும். எழுந்து நிற்கும் அந்த ஒரு மூச்சுக்குள் சிநாத் உரலில் கைவிட்டு மாவைப் புரட்டிவிட்டுக் கையை எடுக்க வேண்டும். காலைத் தளர்த்துமுன் கொலாப் "ஹே" என்று மூச்சு விடுவாள். அந்தச் சத்தத்துக்குச் சிநாத்தின் கை தானாக வெளியே வந்துவிடும். மாவு ஒட்டாமல் இருக்க அவள் முழங்கை வரை தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருப்பாள்.

உலக்கை உயர்ந்திருந்தது, சிநாத்தின் வலக்கை உரலுக்குள் இருந்தது. அப்போதுதான் அவள் புருஷன் சாரோம் பின்பக்கத் தட்டியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தான். அடி தாங்காமல் மழைக்காலம் தொடங்கும்போது அவனை விட்டு வந்தவள் அவள்.

வந்தவன் நேரே உரலருகே போனான். குத்தவைத்து, அவள் மணிக்கட்டைப் பிடித்து மாவுக்குள் அழுத்தினான். மற்றொரு கையால் தண்ணீர்க் குடம் சுமக்கும் காவடித்தடியை எடுத்துக்கொண்டான்.

"இந்தக் கை இருக்கிற திமிர்லதானே என்னை வேணாங்கிற?" என்றான் மனைவியிடம். பிறகு நிமிர்ந்து, "காலை எடு, கொலாப்."

"டேய், விடுடா. மேல உலக்கை இருக்கு."

"தெரியும். அதான் எடுங்கிறேன். நான் ஒடிச்சேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாது. அவ அக்காதான் ஒடிச்சா."

தடி கொலாப்பின் கெண்டைக்காலில் விழுந்தது. கொலாப் அலறினாள், கால் நகரவில்லை. அவள் நகர்ந்தால் தங்கையின் விரல்கள் கூழாகும்.

கடையில் இருந்தவர்கள் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள், அவ்வளவுதான். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குள் போகக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்குத் தெரியாத கம்போட்காரன் மட்டும் எழுந்து வந்தான்.

"அண்ணே, விட்டுடுங்க, பொம்பளைங்கண்ணே."

சாரோம் உட்கார்ந்தபடியே தடியைச் சுழற்றினான். டிரைவரின் வாய் கிழிந்தது. அடுப்பருகே விழுந்தவன் ரத்தத்தோடு ஒரு பல்லைத் துப்பினான்.

அடுத்த அடி கொலாப்பின் முழங்காலில். உள்ளே ஏதோ முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. மரம் ஆடியது. உலக்கை ஒரு சாண் இறங்கி, மறுபடி ஏறியது. அவள் தலைக்கு மேலே பிடிப்புக்காகக் கட்டியிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டு, மற்ற காலையும் மரத்தில் ஊன்றினாள்.

"அக்கா, முடியலேன்னா விட்டுடு." சிநாத் அழவில்லை. "இடது கையால பிழைச்சுக்குவேன்."

"வாயை மூடு, கழுதை."

கொலாப் உரலைப் பார்த்தாள். இத்தனை வருஷம் இந்த வீட்டுச் சேவையைத் தின்றவன் ஒரு நாளும் உரல் பக்கம் வந்ததில்லை. அவன் கை காய்ந்திருந்தது. தங்கையின் மணிக்கட்டோடு சேர்த்து அதையும் மாவுக்குள் அழுத்தியிருந்தான். பாதி வெந்த மாவு ஈரக் கையை விடும். காய்ந்த கையை விடாது.

சிநாத்தும் பார்த்துவிட்டாள். இடக்கையால் பக்கத்துச் சட்டியிலிருந்து தண்ணீரை அள்ளித் தன் வலக்கையில் ஊற்றினாள்.

"என்னடி பண்றே?" என்றான் சாரோம்.

"ஹே," என்றாள் கொலாப்.

சிநாத்தின் கை வழுக்கிக்கொண்டு வந்தது. சாரோம் தன் கையை இழுத்தான். மாவும் கூடவே எழுந்தது. உலக்கை அவன் புறங்கையில் இறங்கியது.

அந்த அலறலுக்கு மீன் கடைகள் வரை அடங்கின. தடி உருண்டு போனது. இன்னொரு கையால் மாவைப் பிய்த்தான். பிய்க்கப் பிய்க்க அது விரலோடு நீண்டது.

முதல் அடி அவள் காலை எடுத்ததால் விழுந்தது. இரண்டாவதற்கு அவள் மிதிக்க வேண்டியிருந்தது. உடைந்த முழங்காலோடு, உடம்பின் கனம் முழுவதையும் போட்டு மிதித்தாள். உலக்கை மேலே நின்றது. அவன் அண்ணாந்து பார்த்தான்.

"கொலாப்... அண்ணி... வேணாம்."

அவள் தங்கையைப் பார்த்தாள். சிநாத் உரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். போதும் என்று சொல்லவில்லை.

கொலாப் காலை எடுத்தாள்.

டிரைவர்தான் கடைசியில் அவனை மாவோடு சேர்த்துத் தூக்கி லாரியில் போட்டான். "ஆஸ்பத்திரி எங்கே?" என்று கேட்டான். நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் வழி சொன்னார்கள்; இப்போது எல்லாருக்கும் வாய் திறந்துவிட்டது.

"போலீஸ் வரும்," என்றாள் சிநாத்.

"வரட்டும். ரெண்டாவது நான் வேணும்னே போட்டதுன்னு சொல்லிடுவேன்."

"நான் வேணாம்னு சொல்லலேன்னும் சொல்லு."

கொலாப்பால் மரத்திலிருந்து இறங்க முடியவில்லை. முழங்கால் பூசணி போல வீங்கி, மடங்க மறுத்தது. சிநாத் தன் இரண்டு கைகளையும் அவள் கக்கத்தில் கொடுத்துத் தூக்கி, தரையில் இறக்கினாள்.