வாயில் வைக்காத சுளை

சர்க்கரை பார்க்கும் மெஷினில் 412 என்று விழுந்ததும் சொர்ணவல்லிக்குத் தலை கிறுகிறுத்துப் போனது. நேற்றுக் காலையில் வெறும் நூற்று முப்பதுதானே! ஒரே நாளில் இப்படியா எகிறும்? மனுஷன் திருட்டுத்தனமாகத் தின்றிருக்கிறார், வேறென்ன?

புருஷன் அடைக்கலம் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். வல்லத்திராக்கோட்டை ரோட்டோரத்தில் இருவருக்கும் பலாப்பழ வியாபாரம். தினமும் பழம் அறுப்பது அவள்தான். இன்று அவளுக்குக் கைவலி என்று அவரே எண்ணெயைத் தடவிக்கொண்டு இரண்டு பழம் அறுத்து, சுளைகளைத் தாம்பாளத்தில் குவித்திருந்தார். ஊசி போடும் நேரம் வந்ததும் கையைப் பழந்துணியில் துடைத்துவிட்டு விரலை நீட்டினார்.

"எத்தனை சொளை முழுங்குனீங்க?"

"சத்தியமா ஒண்ணுகூட வாயில வைக்கல, சொர்ணம்."

"அப்ப மெஷினு பொய் சொல்லுதாக்கும்? போன வருசம் கால் வெரல எடுத்தாங்களே, அது பத்தலையா ஒங்களுக்கு?"

அவர் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினார். பத்து யூனிட் இன்சுலின் போடுகிற இடத்தில் இருபது போட்டாள். டாக்டரைக் கேட்கலாமே என்று தோன்றாமல் இல்லை, ஆத்திரம் விடவில்லை. தட்டிலும் ஒரே ஓர் இட்லிதான் வைத்தாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். அடைக்கலத்தின் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது.

"கண்ணு இருட்டுது சொர்ணம்..." பேச்சு குழறியது.

ஐயோ, சர்க்கரை இன்னும் ஏறுகிறதே! அவள் பதறியடித்து இன்னோர் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள். வீடு வீடாகச் சுகர் பார்க்க வரும் சுடர்விழி அப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்தினாள். "நானூத்திப் பன்னெண்டு காட்டுச்சு, இன்னும் ஏறுது!" என்று அவளிடம் கத்தினாள் சொர்ணவல்லி.

"அக்கா, பொறுங்க! பழம் அறுத்த கைய கழுவிட்டா டெஸ்ட் பண்ணீங்க?"

சொர்ணவல்லி முற்றத்தில் கிடந்த பழந்துணியைப் பார்த்தாள். சுடர்விழி அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலில் குத்தினாள். 46.

"பழச்சாறு வெரல்ல ஒட்டியிருந்துருக்கு, அதான் கூடக் காட்டிருச்சு. இப்ப சுகர் எறங்கிப் போச்சு, உசுருக்கே ஆபத்து. சீனி கொண்டாங்க, சீக்கிரம்!"

சொர்ணவல்லி அடுப்படிப் பக்கம் ஓடப் போய் நின்றுவிட்டாள். வீட்டில் சீனி ஏது? விரலை எடுத்த அன்றே ஒரு பொட்டு விடாமல் ஒழித்தவள் அவள்தானே! தாம்பாளம் கண்ணில் பட்டது. ஒரு சுளையை அள்ளிக் கூழாகப் பிசைந்து அவர் வாயருகே கொண்டுபோனாள். அந்த நிலையிலும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் திங்கல... திங்கவே இல்ல..."

"தெரியுது சாமி, தெரியுது! நான்தான் பாவி. எனக்காகத் தின்னுங்க!" என்று கதறினாள்.

வாய் மெல்லத் திறந்தது. சுடர்விழி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது சுளைக்கு அவரே வாயைத் திறந்தார். அப்போதுதான் சொர்ணவல்லி தன் இடது கையைப் பார்த்தாள். மருந்து ஏற்றிய ஊசி இன்னும் அதில்தான் இருந்தது.