ஏம்மாவின் பங்கு

செத்துப் பதினேழு மாதம் ஆகியும் அச்சாபீஸ்காரரின் எடை கட்டிலை விட்டு இறங்கவில்லை. மெத்தையின் நடுவே அவர் படுத்த குழி அப்படியே இருந்தது. அக்கம்பக்கத்தார் பழகிக்கொண்டார்கள்.

ஊரார் பெயரையெல்லாம் பிழையில்லாமல் அச்சுக் கோத்த மனிதர் சொந்த உயிலில் ஒரே ஒரு பெயரைக் கோட்டைவிட்டார். ‘என் காலத்துக்குப் பிறகு இந்த வீடு என்னைப் பார்த்துக்கொண்டவருக்கு.’ அவ்வளவுதான். பார்த்துக்கொண்டவள், அவர் எடுத்து வளர்த்த, அவருக்கு முன்பே செத்துப்போன பிள்ளையின் மனைவி. ரத்தமும் இல்லை, தத்துப் பத்திரமும் இல்லை. பக்கவாதத்தில் விழுந்தவரைப் பதினோரு வருஷம் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டவள். அவளை அவர் ‘ஏம்மா’ என்றே கூப்பிட்டார். உயிலை எழுத வந்த பத்திர எழுத்தர் பெயர் கேட்டபோதும் வாயில் வந்தது ‘ஏம்மா’தான். ‘ஏம்மாவுக்கு’ என்றா எழுத முடியும்? ‘பார்த்துக்கொண்டவர்’ என்று போட்டுவிட்டார் அந்தப் புண்ணியவான்.

பெற்ற மகன் விடுவானா? வருஷத்துக்கொருமுறை வந்து வாசற்படியில் நின்றபடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனவன், “நானும்தான் அப்பாவப் பாத்துக்கிட்டேன்” என்று வழக்குப் போட்டான். மானங்கெட்டவன்! பார்த்துக்கொண்டவர் யாரென்று நிரூபிக்காவிட்டால் அந்த வரி செல்லாது, வீடு மகனுக்கு, அவள் மாதக் கடைசிக்குள் தெருவுக்கு என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

கடைசி விசாரணைக்கு முந்தின நாள் சாமான்களைப் பட்டியல் எடுக்கக் கோர்ட் கமிஷனர் வந்தார். பீரோ ஒன்று, நாற்காலி இரண்டு என்று எழுதிக்கொண்டே வந்தவர், கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியைப் பார்க்கக் கட்டிலை நகர்த்தச் சொன்னார். மகன் பிடித்தான். கூட வந்த நாலு ஆட்களும் பிடித்தார்கள். உயிரோடிருந்தபோதும் வேற்றாள் கை பட்டால் அவர் விறைத்துக்கொள்வார். கட்டிலும் அதையே செய்தது.

“தரையோட சேத்து ஆணி அடிச்சிருக்கா சார்!” என்று மகன் கத்தினான். கமிஷனர் அவளைப் பார்த்தார். இன்றைக்குப் பார்த்து மனுஷர் அடம்பிடித்தால் கதை முடிந்தது. குனிந்து மெத்தைக்கடியில் கையைக் கொடுத்தாள்.

“மாமா, கொஞ்சம் புரளுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. மகன் சிரித்தான். அவள் கையை எடுக்கவில்லை. பிறகு குழி மெல்லச் சுவரோரம் நகர்ந்தது. ஒற்றைக் கையால் கட்டிலை இழுத்தாள். பெட்டியில் பழைய ஈய எழுத்துகள் இருந்தன.

‘கட்டில் ஒன்று, இறந்தவரின் எடையுடன். பார்த்துக்கொண்டவரால் மட்டுமே நகர்கிறது’ என்று கமிஷனர் எழுதினார்.

“உங்க பேரு என்னம்மா?”

கட்டிலுக்கும் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னாள்.

வீடும் எடையும் அவளுக்கே என்று தீர்ப்பானது. இரண்டு மணிக்கொரு தரம் இன்னும் புரட்டிப் போடுகிறாள்.