ஏழாவது இதழ்

நான் பெயிண்டர். வெறும் சுவர் அடிக்கிறவன் இல்லை. சீலிங்கில் இருக்கும் பிளாஸ்டர் பூ, கொடி, கதவுக்கு மேலே மரச் செதுக்கல், இவற்றுக்குத்தான் வர்ணம் தீட்டுவேன். கிள்ளானில் ஒரு வீட்டு மரத்தூணைப் பளிங்கு மாதிரித் தீட்டினேன். அதில் சாய்ந்து படுத்த பூனைக்குச் சளி பிடித்துவிட்டது. கேரி தீவு பங்களாவில் நான் தீட்டிய உத்தரத்தை இரும்பென்று நினைத்துக் கறையான் குடும்பத்தோடு வெளியேறியது. நம்பாதவர்கள் கறையானையே கேட்டுக்கொள்ளலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் சிவசம்புவின் மகள் ஜனகா கூப்பிட்டிருந்தாள். பக்கவாதம் வந்து இரண்டு வருடமாக மல்லாந்தே கிடக்கிறார் மனிதர். பேச்சு போய்விட்டது. கட்டிலுக்கு நேர் மேலே பன்னிரண்டு இதழ்ப் பூ ஒன்று, புகையேறிக் கிடந்தது.

"அப்பா நாள் பூரா அதைத்தான் பார்க்கிறார், அங்கிள். கொஞ்சம் அழகா பண்ணிக் கொடுங்க லா. ஏதாவது கேக்கணும்னா அவரையே கேளுங்க. கண்ணை ஒரு தடவை மூடினா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்லை."

நான் எதையும் கேட்கவில்லை. கட்டிலை ஹாலுக்குத் தள்ளிவிட்டு ஏணியில் ஏறினேன். ஏழாவது இதழின் நுனி உடைந்திருந்தது. உடைசலைக் கண்டால் அடைத்துவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் பூசுவார்கள். அதற்கெல்லாம் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்கிற வழக்கமில்லை. பிளாஸ்டர் குழைத்து நுனி வைத்தேன். வெள்ளை அடித்து, மேலே பொன் தடவி, காய்வதற்குள் துணியால் துடைத்தேன். பள்ளங்களில் மட்டும் பொன் தங்கியது.

மறுநாள் மாலை கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தோம். அவர் கண் பூவைச் சுற்றியது. இன்னொரு சுற்று. பிறகும் ஒரு சுற்று, கூட்டத்தில் ஆளைத் தேடுகிற மாதிரி. அப்புறம் மூடிக்கொண்டது. ஓரத்தில் வழிந்த நீர் காதுக்குள் போனது.

"சந்தோஷம் போல, அங்கிள்."

"சந்தோஷம் இப்படி இருக்காதும்மா. அந்த உடைஞ்ச இதழ்ல என்ன இருந்துச்சு?"

அவள் மேலே பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"அப்பா விழுறதுக்கு முன்னாடி, ஒரு தீபாவளிக்கு ஒட்டடை அடிக்கும்போது அம்மா கம்பால இடிச்சது. கோபத்துல அப்பா ரெண்டு நாள் அம்மாகிட்ட பேசலை. மூணாம் நாள் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. திரும்பி வரலை. அடைச்சிட்டீங்களா?"

"அடைச்சிட்டேன்மா."

எனக்கு எதற்கும் ஒரு கதை வாயில் தயாராக இருக்கும். அன்றைக்கு இல்லை.

மறுபடி ஏறினேன். பழைய உடைப்பு மனத்தில் அச்சாக இருந்தது. கத்தி முனையால் நுனியைத் தட்டி எடுத்தேன். உடைந்த விளிம்பில் கொஞ்சம் கரி பூசிப் பழசாக்கினேன். என் கையே வியந்துபோகும்படி அமைந்தது.

"அப்பா, பாருங்க. அம்மா உடைச்ச மாதிரியே இருக்கா?"

கண் திறந்தது. இதழில் நெடுநேரம் நின்றது. பிறகு என்னைப் பார்த்தது, கோபமில்லாமல். மகளைப் பார்த்தது. ஒரு தடவை மூடித் திறந்தது.

"ஆமான்னு சொல்றார், அங்கிள்." ஜனகா அழுதபடியே எனக்குத் தேநீர் போடப் போனாள்.

அவள் போனதும் அந்தக் கண் பூவை விட்டு இறங்கி, அலமாரிக்குப் பக்கத்து வெறும் சுவருக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை.

"ஐயா, நிஜமாவே அது உங்க வீட்டம்மா உடைச்ச மாதிரி இருக்கா?" என்றேன்.

இரண்டு தடவை மூடினார். இரண்டாவது தடவை திறக்கவில்லை. மூச்சு சீராகத்தான் வந்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், தேநீர் வரும்வரை.