ஏழாவது கதவு

எங்கள் மூண்டா ஊரின் பழைய கணினிச் சங்கத்தில் நாங்கள் பதினான்கு பேர். அதில் சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். மற்ற பதின்மூன்று ஆம்பிளைகளும் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பௌல்ஸ் விளையாட்டுக் கிளப்பின் பின்னறையில் கூடி, மஞ்சளித்துப்போன பிளாஸ்டிக் மூடிகளுக்குத் தலைமுடி வெளுக்கும் பசையைப் பூசி வெயிலில் வைப்பார்கள். காய்ந்ததும் ஒருவன் மூடியை இன்னொருவன் தூக்கிப் பிடித்து மெச்சுவான். உள்ளே இருப்பது ஓடுகிறதா என்று ஒரு பயல் கேட்டதில்லை. முப்பத்தோரு வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவள், எனக்கு இதையெல்லாம் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். இருந்தும் போகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் சனிக்கிழமை வேறு போக்கிடம் கிடையாது.

இவர்களுக்குக் குலதெய்வம் ஒரு ஸ்டிக்கர். அமிகா கணினியைக் கவிழ்த்தால் ஒரு திருகாணியின் மேல் நகமளவுக்கு ஒட்டியிருக்கும். இதைக் கிழித்தால் உத்தரவாதம் செல்லாது என்று அதில் அச்சடித்திருக்கும். அந்த உத்தரவாதம் செத்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனாலும் கிழியாத ஸ்டிக்கரோடு ஒரு மிஷின் வந்துவிட்டால் போதும், பதின்மூன்று பேரும் பச்சைக் குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்று குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். கிழியாத ஸ்டிக்கரைக் கிழிக்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. எழுதியவர் தலைவர் லான்ஸ் ட்ரெலோர்.

லான்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். 'தாமிர எலி' என்று ஒரு விளையாட்டு, 1989-இல் எங்கள் ஊரில் பிறந்தது. விளக்குக் கட்டிய எலி ஒன்று தாமிரச் சுரங்கத்தில் கதவு கதவாகத் திறந்து கீழே இறங்கும். டிஸ்க்கிலிருந்து டிஸ்க்குக்கு நகலாகி இந்தத் தீபகற்பம் முழுக்கப் பரவியது. அதை எழுதியது தான்தான் என்று லான்ஸ் முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எலி ஏழாவது கதவைத் தொட்டதும் திரை அப்படியே உறைந்து நின்றுவிடும். அது ஏன் என்று வருஷா வருஷம் ஒரு சொற்பொழிவு உண்டு. சுரங்கக்காரன் வாழ்க்கைக்கு முடிவே கிடையாதாம், அதனால் எலியும் அந்தரத்தில் நிற்கிறதாம், அதுதான் கலையாம். மற்ற பன்னிரண்டு மண்டைகளும் ஆடும். ரிப்பேர்காரிக்குக் கலை தெரியாது, பழுது தெரியும். ஆனால் அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லாததால் வாயை மூடிக்கொண்டு கையிலிருந்த இறைச்சிப் பேஸ்டியைத் தின்றேன்.

போன மாதம் கோரலி பாஸ்கோ வந்தாள். பேக்கரியில் அடுப்பு வேலை பார்க்கிறவள், இரண்டு கையிலும் சூடு பட்ட தழும்புகள். பத்தொன்பது வயதில் லான்ஸோடு சுற்றிக்கொண்டிருந்தாளாம். தாமிர எலியை எழுதியது தான்தான் என்று வாசலில் நின்றபடியே சொன்னாள். லான்ஸ் சிரித்தார். எழுதினாயென்றால் டிஸ்க் எங்கே என்று கேட்டார். அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சங்கத்தின் மூன்று மிஷின்களிலும் போட்டுப் பார்த்தார்கள், மூன்றும் வாசிக்க மறுத்துவிட்டன. லான்ஸ் அவள் தோளில் கைவைத்து, பாவம், பூஞ்சை பிடித்துவிட்டது என்றார். அந்தக் கையைப் பார்த்ததும் என் பேஸ்டி கசந்துவிட்டது.

அவளை வெளியே கூட்டிப்போய் டிஸ்க்கை எந்த டிரைவில் போட்டு எழுதியது என்று கேட்டேன். வெளியே ஒயரில் தொங்கும் இரண்டாவது டிரைவில் என்றாள். ஒருதடவை மேசையிலிருந்து விழுந்து அதன் வாசிக்கும் தலை கோணிக்கொண்டதாம். அதிலிருந்து, அது எழுதியதை அதுவேதான் வாசிக்கும். அவள் மிஷினின் உள் டிரைவும் அந்தக் காலத்தில் எப்படியோ வாசித்தது, இப்போது துருப்பிடித்துப்போனது. பதின்மூன்று பேரில் ஒருவனுக்காவது இந்தக் கேள்வி தோன்றியிருக்க வேண்டாமா?

"எனக்குப் பணம் காசு எதுவும் வேணாம் க்ளெனிஸ்," என்றாள். "மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள அவன் பேரை வைக்கப்போறாங்களாம். தெனம் காலையில வேலைக்கு நான் அந்த வழியாத்தான் போகணும்."

அடுத்த கூட்டத்துக்கு மிஷின், டிரைவ் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரச்சொன்னேன். அன்றைக்கு மூன்று மணிக்குத்தான் ஊர் அருங்காட்சியகத்திலிருந்து பெர்னடெட் வந்து, லான்ஸின் டிஸ்க்கையும் அவர் பெயர் அச்சடித்த அட்டையையும் வாங்கிக்கொண்டு போவதாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒரு மணிக்கே மேசையைப் பிடித்துவிட்டேன். சிக்கல் இதுதான். கோரலியின் டிஸ்க்கை அந்தக் கோணல் டிரைவ் மட்டுமே வாசிக்கும். மிஷினோ, உயிர் வந்ததும் உள் டிரைவைத் தவிர வேறெதையும் திரும்பிப் பார்க்காது. நகல் எடுக்கவும் வழியில்லை, அவளே அதற்கொரு பூட்டுப் போட்டிருந்தாள், நகலெடுத்தால் கருப்புத் திரைதான் வரும். கோணல் டிரைவைக் கழற்றி உள்ளே வைக்கலாம் என்றால் அளவு ஒத்துவராது. ஆகவே வெளி டிரைவைத்தான் உள் டிரைவ் என்று மிஷினை நம்பவைக்க வேண்டும். டிரைவுகளைக் கூப்பிடும் சில்லில் பக்கத்துப் பக்கத்துக் கால்கள் இரண்டு உண்டு, ஒன்று உள்ளே இருப்பதைக் கூப்பிடும், மற்றது வெளியே இருப்பதை. இரண்டையும் மாற்றிக் கொடுத்து நடுவில் ஒரு ஸ்விட்ச் வைத்தால் வேலை முடிந்தது.

மிஷினைக் கவிழ்த்தேன். ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தது.

டாரில் என்று லான்ஸுக்கு ஒரு வால் உண்டு, அவன்தான் ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்தான். லான்ஸ் தேநீர்க் கோப்பையோடு வந்து குனிந்து பார்த்தார். இப்படி ஸ்டிக்கர் கிழியாத மிஷின் நாட்டில் இன்னும் நாலுதான் இருக்கிறது என்றார். யார் எண்ணினார்களோ. இதைத் திறக்கச் சங்கம் அனுமதிக்காது, இது நம் எல்லோருடைய பாரம்பரியம், அது இது என்று நீட்டிக்கொண்டே போனார். கோரலி அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டியெடுத்து, உருண்டையாக உருட்டி, அவர் கையிலிருந்த சாசரில் வைத்தாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மூடியைக் கழற்றி, தகட்டைத் தூக்கி, சில்லை நெம்பி எடுத்தேன். முதல் காலை வளைத்தேன், வளைந்தது. இரண்டாவது வேரோடு முறிந்து மேசையில் விழுந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல," என்றான் டாரில். அவன் ஒருபோதும் எதையும் சொன்னதில்லை.

மாற்றுச் சில்லு இந்த ஊரில் யாரிடமும் சும்மா கிடைக்காது. லான்ஸ் அலமாரியில் ஆறு வைத்திருந்தார், பெட்டி பிரிக்காமல். கேட்டேன். அவை சேகரிப்பில் சேர்ந்தவை என்றார். சேகரிப்பாம்! ஊசி அரத்தை எடுத்துச் சில்லின் ஓரத்தை மெல்ல ராவினேன். உள்ளேயிருந்து மணல் அளவுக்கு உலோகம் எட்டிப் பார்த்தது. மயிரிழை போன்ற கம்பியை அதில் பற்றவைத்தேன். ஸ்விட்சையும் பொருத்தி முடித்தபோது மணி இரண்டே முக்கால்.

பவர் போட்டேன். டிஸ்க் போடச் சொல்லும் கைப்படம்தான் வந்தது. லான்ஸ் மூக்கால் சிரித்தார். நான் ஸ்விட்சைத் தப்பான பக்கம் வைத்திருந்தேன், என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். அணைத்து, ஸ்விட்சை மறுபக்கம் தள்ளி, மறுபடி போட்டேன். வெளி டிரைவ் கடக் கடக்கென்று உறுமியது. திரை கருத்தது. அப்புறம் எலி வந்தது, விளக்கோடு. அதன் கீழே 'தாமிர எலி', அதற்கும் கீழே 'கோரலி பாஸ்கோ, 1989'.

அதற்குள் பெர்னடெட் வந்து கதவருகே நின்றிருந்தாள், நானும் கவனிக்கவில்லை. லான்ஸ் கவனித்தார். நேரே அவளிடம் போய், ஒரு பெயரை மாற்றி அடிக்க எவ்வளவு நேரமாகும், தான் எழுதிய விளையாட்டில் இவள் சொந்தப் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று விளக்கினார். அவர் சொன்ன விதத்தில் பெர்னடெட் தலையாட்டத் தொடங்கிவிட்டாள். கோரலியின் முகம் வெளுத்தது. பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"லான்ஸ், ஏழாவது கதவுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? ஒண்ணும் கெடையாது. அங்கயே முடிஞ்சுபோச்சு. நூறு தடவ சொல்லியிருக்கேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இந்தம்மா கேட்டுக்கிட்டிருக்காங்க."

"எழுதினவனுக்குத் தெரியாதா? ஏழோட முடிஞ்சுது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளையாட ஆரம்பித்தாள். அரைமணி நேரம் ஆடினாள். முப்பது வருஷத்துக்குப் பிறகும் விரல்கள் மறக்கவில்லை. பெர்னடெட் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு லாமிங்டன் கேக் தின்றாள். எலி ஏழாவது கதவைத் தொட்டது. திரை உறைந்தது. லான்ஸ் "பாத்தீங்களா" என்று வாயெடுத்தார். அப்போது கோணல் டிரைவ் மறுபடி கடகடத்தது, நீளமாக. கதவு திறந்தது.

பூட்டைத் தான் இரண்டு இடத்தில் போட்டதாகக் கோரலி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள், ஒன்று தொடக்கத்தில், ஒன்று ஏழாவது கதவில். திருடினவன் முதல் பூட்டை மட்டும் உடைத்திருக்கிறான், இரண்டாவது இருப்பதே அவனுக்குத் தெரியாது. அங்கே போய் அவன் நகல் செத்துப்போகிறது. நான் சிரித்தேன், அடக்க முடியவில்லை. முப்பது வருஷக் கலை, முப்பது சொற்பொழிவு! டாரில்கூட லான்ஸின் பக்கத்திலிருந்து ஓரடி நகர்ந்து நின்றுகொண்டான்.

எட்டாவது அறை சின்னது. சரிந்த மரச்சட்டத்துக்கு அடியில் ஒரு சுரங்கக்காரன் சிக்கிக்கிடந்தான். செம்பட்டை முடி, மூக்கு முழுக்கப் புள்ளிகள். லான்ஸுக்கு இப்போது முடியே இல்லை, ஆனால் புள்ளிகள் இருக்கின்றன. எலி அவனருகே போய் நின்றதும் விளக்கு பெரிதாக எரிந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன.

'லான்ஸ், பிறந்தநாள் வாழ்த்து. இத்தனை ஆழம் உன்னைத் தேடித்தான் வந்தேன். கல்யாணம் செய்துகொள்ளலாமா?'

என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. லான்ஸ் தன் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் முன்னால், கோரலி இல்லாத நேரத்தில், அவள் மிஷினிலேயே டிஸ்க்கைப் போட்டு நகலெடுத்திருக்கிறார், அந்த வார இறுதியிலேயே தன் பெயரில் நண்பர்களுக்குக் கொடுத்திருக்கிறார். இதை அவள் பிறகு என்னிடம் சொன்னாள். பெர்னடெட் லான்ஸின் பெயர் அச்சடித்த அட்டையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கோரலியின் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

லான்ஸ் திரைக்கு வெகு அருகில் வந்து நின்றார்.

"இத ஏன் கோரலி எங்கிட்டச் சொல்லல?"

"இப்பக்கூடக் கேட்டேனே," என்றாள் கோரலி. "ஏழோட முடிஞ்சுதுன்னு நீதான சொன்ன?"

அவள் டிஸ்க்கை வெளியே எடுத்துப் பெர்னடெட்டிடம் கொடுத்தாள். அந்த ஆளைப் பார்த்து எனக்கு முதல்தடவையாகப் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.